இருந்துச்சா, இப்ப வேண்டாமா?

தவீரா என்ற ஊரில் ஆற்றோரமாக மேசை போட்டிருக்கும் கஃபேயில் ஹெர்மீனியோ பால்மா வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு மீசை அரும்பியிருக்கவில்லை. இப்போது அது நரைத்துவிட்டது. இடையில் நாற்காலிகள் மாறின, குடைகள் மாறின, முதலாளி செத்துப்போய் அவர் மகள் டோனா கிராசியெட் கல்லாவில் உட்கார்ந்தார். மாறாமல் இருந்தது ஹெர்மீனியோவின் ஒரே ஒரு ஜோக்.

அந்த ஊரில் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. "காப்பி வேணும்" என்று சொன்னால் வீட்டை ஜப்தி செய்ய வந்தவன் பேசுவது போலிருக்கும். அதனால் ஆசையை நேற்றுக்குத் தள்ளி வைத்து, "ஒரு காப்பி வேண்டியிருந்துச்சு" என்பார்கள். ஹெர்மீனியோ தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதி திரும்புவார். அரையடி வைப்பார். பிறகு தோளுக்கு மேலாகக் கேட்பார்.

"இருந்துச்சா? இப்ப வேண்டாமா?"

இது அவர் கண்டுபிடித்ததல்ல. அந்த நாட்டில் தட்டு தூக்குகிற எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அந்த அரையடியும் தோளும் அவருடையவை. சுங்க இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற வால்தெமார் தினமும் காலையில் வந்து, தினமும் அப்படியே காப்பி கேட்டு, "இருந்துச்சு தலைவரே, உங்க மூஞ்சியப் பார்த்ததும் போயிடுச்சு" என்று தினமும் அதே பதிலைச் சொல்வார். அவருக்கு என்ன காப்பி என்பது அவர் பாலத்தைத் தாண்டும்போதே ஹெர்மீனியோவுக்குத் தெரியும். கேட்பதும் சொல்வதும் காப்பிக்காக இல்லை.

சுற்றுலா வரும் ஆங்கிலேயர்களிடம் இந்த வசதி இல்லை. அவர்கள் மெனு அட்டையின் படத்தில் விரலை வைத்துக் காட்டுவார்கள், இவர் கொண்டுவந்து வைப்பார், அவ்வளவுதான். அந்த வசந்தத்தில் பக்கத்துக் கஃபே ஆங்கிலம் பேசும் ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தது. தொப்பிகளும் வெயிலில் சிவந்த மூக்குகளும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் நகர்ந்தன. டோனா கிராசியெட் ஹெர்மீனியோவைக் கூப்பிட்டார்.

"ஆத்தோர மேசை வேணும்னா இங்கிலீஷ் வேணும். இல்லேன்னா உள்ள ரொட்டி வாட்டுற மெஷின்கிட்ட நில்லுங்க. அதுக்கு எந்த பாஷையும் தேவையில்ல."

மெஷின் இருந்தது ஜன்னல் இல்லாத மூலையில். ஹெர்மீனியோ அன்றைக்கே ஊராட்சி அலுவலக மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் பெயர் கொடுத்தார்.

வகுப்பெடுத்த நோயெமியா பட்டம் முடித்துவிட்டு வேலை உத்தரவுக்குக் காத்திருந்த இளம்பெண். ஒரு முடிதிருத்தும் அம்மாளும் ஒரு டாக்சிக்காரரும் ஹெர்மீனியோவும்தான் வகுப்பைத் தவறவிடாத மாணவர்கள். மூன்றாம் வாரத்தில் அவள் துணைவினைகளுக்கு வந்தாள். அவர்கள் மொழியில் 'பொதேர்' என்று ஒரே சொல் இருக்கிறது. நீந்த முடியும், உள்ளே வரலாம், மழை வந்தாலும் வரும், எல்லாவற்றுக்கும் அது போதும். ஆங்கிலக்காரன் அதையே கேன், குட், மே, மைட் என்று நாலாக அறுத்து வைத்திருக்கிறான். ஒரே மீனுக்கு எதற்கு நாலு கத்தி என்று டாக்சிக்காரர் கேட்டார். நோயெமியா பலகையில் எழுதிக்காட்டி, 'கேன்' இறந்த காலத்துக்குப் போனால் 'குட்' ஆகிவிடும் என்றாள். நல்லது என்கிற குட் இல்லை, இது வேறு. மரியாதையாகக் கேட்கும்போதும் ஆங்கிலேயர்கள் இதைத்தான் சொல்வார்கள்.

ஹெர்மீனியோ நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆங்கிலேயர்களும் ஆசையை நேற்றுக்குத் தள்ளி வைக்கிறார்கள். அப்படியானால் ஜோக் கடல் தாண்டிப் போகும்.

மறுநாள் காலையில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண்மணி உட்கார்ந்து, "குட் ஐ ஹாவ் எ காஃபி, ப்ளீஸ்?" என்று கேட்டார். ஹெர்மீனியோ பாதி திரும்பினார். அரையடி வைத்தார். தோளுக்கு மேலாக, "குட்? நவ், கேன் நாட்?" என்றார்.

பெண்மணி "ஓ, சாரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கை கழுவப் போயிருக்கிறார் என்று நினைத்து ஹெர்மீனியோ காப்பியைக் கொண்டுவந்து வைத்துக் காத்திருந்தார். அது ஆறிப்போனது. அடுத்து ஒரு குடும்பம் இங்கே உட்காரலாமா என்று கேட்டது. அதே தோள், அதே கேள்வி. அவர்கள் நாற்காலிகளை ஒழுங்காகப் பழைய இடத்தில் தள்ளி வைத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரக் கடைசியில் பக்கத்துக் கஃபேயில் நாற்காலி பற்றவில்லை.

டோனா கிராசியெட் இளவயதில் அல்புஃபெய்ரா என்ற சுற்றுலா ஊரில் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பில் வேலை பார்த்தவர். என்ன நடக்கிறது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வரும் ஞாயிறு தானே வெளியே வந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் காப்பி கேட்கப் போவதாகச் சொன்னார். மரியாதையாகப் பதில் வந்தால் ஆற்றோரம். இல்லையென்றால் மெஷின்.

ஹெர்மீனியோ நேரே நோயெமியாவிடம் போனார்.

"டீச்சர், அது இறந்த காலம்னுதானே சொன்னீங்க? அப்புறம் ஏன் ஒருத்தரும் சிரிக்கல?"

"அவங்க காதுல அது இறந்த காலமா விழறதே இல்ல, சென்யோர் ஹெர்மீனியோ. கடை மூடியாச்சுன்னு நீங்க சொல்றதாத்தான் விழுது."

"ஆனா நேராக் கேக்கக் கூச்சப்படறாங்கல்ல? நம்மள மாதிரி?"

"கூச்சம் அதேதான். சிரிப்புதான் வேற."

அவர் அந்த நாலு சொல்லில் எது எல்லாவற்றையும்விட மரியாதையானது என்று கேட்டார். பலகையைத் துடைத்துக்கொண்டே அவள், "மே" என்றாள்.

ஞாயிறு வரைக்கும் வாய் தவறிவிடக் கூடாது என்று ஹெர்மீனியோ ஜோக்கை அடியோடு நிறுத்தினார், ஊர்க்காரர்களிடமும் சேர்த்து. வால்தெமார் வந்தார். காப்பி வேண்டியிருந்தது என்றார், காத்திருந்தார். காப்பி வந்தது, வேறொன்றும் வரவில்லை. அவர் கோப்பையைப் பார்த்தார், ஹெர்மீனியோவைப் பார்த்தார், எழுந்து கல்லாவுக்குப் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"அந்த ஆளுக்கு என்ன ஆச்சு? டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?"

மறுநாள் மருந்துக்கடைக்காரர் கேட்டார். அதற்கடுத்த நாள் பாதிரியார் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். இது எதுவும் தெரியாமல் ஹெர்மீனியோ கோப்பைகளை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைக் கழித்துவிட்டால் தன்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஒரு தட்டு, ஒரு துணி, வலிக்கிற முழங்கால். மெஷினுக்கு இவ்வளவு போதும்.

ஞாயிறன்று பூசை முடிந்து கூட்டம் வந்தது. டோனா கிராசியெட் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு ஆற்றோரமாக வந்து உட்கார்ந்தார். வால்தெமாரும் மருந்துக்கடைக்காரரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து மேசையில் ஒரு வயதான ஆங்கிலத் தம்பதி கஸ்டர்டு கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குட் ஐ ஹாவ் எ காஃபி, ப்ளீஸ்?" என்றார் டோனா கிராசியெட்.

ஹெர்மீனியோவின் கால் தானாகவே பாதி திரும்பியது. அதை அவர் இழுத்து நிறுத்தினார். குதிகால்களைச் சேர்த்தார். இடுப்பு வரை குனிந்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே மரியாதையான சொல்லை எடுத்து, நிதானமாக வைத்தார்.

"யூ மே."

தங்கள் விருப்பம், அம்மணி என்பதுதான் அவர் மனதில் இருந்தது. கேட்பவர் வாயில் அந்தச் சொல் பணிவு. கொடுப்பவர் வாயில் அது ராஜா போடுகிற உத்தரவு. கடையின் முதலாளிக்கு, அவருடைய சொந்தக் கடையிலேயே, காப்பி குடிக்கலாம் என்று நரைத்த மீசைக்காரர் ஒருவர் அனுமதி வழங்கியிருந்தார். ஆங்கிலக் கிழவருக்குக் கேக் தொண்டையில் சிக்கியது. மனைவி அவர் முதுகைத் தட்டிக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாத வால்தெமார், அவர்கள் சிரிப்பதால் தானும் மேசையைத் தட்டிச் சிரித்தார். மூச்சு திரும்பியதும் கிழவர் விரலை உயர்த்தி, எங்களுக்கும் இரண்டு காப்பி கிடைக்குமா என்று மிகுந்த அடக்கத்தோடு கேட்டார். ஹெர்மீனியோ அவருக்கும் குனிந்தார்.

"யூ மே."

டோனா கிராசியெட்டின் கழுத்து சிவந்திருந்தது.

"என்னைக் கேலி பண்ணீங்களா?"

"இல்லீங்க டோனா. மரியாதை பண்ணேன்."

அவர் ஹெர்மீனியோவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அதில் ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. பக்கத்துக் கஃபேயில் இருந்து இரண்டு தொப்பிகள் எட்டிப் பார்ப்பதையும் பார்த்தார்.

"சரி, வெளியவே இருங்க. ஆனா எனக்கு மட்டும் இனிமே இப்படி மரியாதை பண்ணாதீங்க."

அன்று மதியமே வால்தெமாருக்குப் பழைய கேள்வி திரும்பக் கிடைத்தது. அவர் இரண்டு காப்பி குடித்தார்.

கோடையில் ஆங்கிலேயர்கள் அந்த அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொள்வதற்காகவே வந்தார்கள். ஒருவர் தண்ணீர் கேட்பார், இன்னொருவர் சர்க்கரை, மூன்றாமவர் எழுந்து போகலாமா என்பார். ஹெர்மீனியோ குனிந்து அனுமதிப்பார். நோயெமியா அவருக்கு இரண்டு முறை விளக்கிவிட்டாள். விளங்கியது, ஆனால் சிரிப்பு வரவில்லை. அவர் முகம் அத்தனை தீவிரமாக இருப்பதால் அவர்கள் இன்னும் சிரித்தார்கள். அவருக்கு அது உள்ளூர உறுத்தியது. அக்கக்காகத் தெரிந்த ஜோக்குக்கு ஒரு தொப்பியும் அசையவில்லை. தெரியாமல் வாயில் வந்ததற்குக் கைதட்டுகிறார்கள்.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி ஒத்தீலியாவிடம் அதைச் சொல்லிவிட்டார்.

"அனுமதி கேக்கறாங்க, குடுக்கறேன். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

அவள் மத்தி மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உன்னோட அந்த இன்னொரு ஜோக்கப் பத்தி நானும் இதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

ஹெர்மீனியோ வாசலில் மீசையைச் சீவிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தார்.