பெரிய விமானத்தின் முதல் ஓட்டம்

இன்று நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பேக்கிங் பகுதியில் யாரோ சூடான கம்பியால் தெர்மாகோல் அறுத்தார்கள். அந்தக் கருகல் வாசனை மூக்கில் ஏறியதும் நான் ஆறாம் வகுப்புச் சிறுமியாகிவிட்டேன்.

மண்ணரையில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறை முழுக்க அப்போது அதே வாசனைதான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த அப்பாவும் நானும் தெர்மாகோலில் சின்ன ரிமோட் விமானம் ஒன்று செய்தோம். இருவருக்குமே ஒன்றும் தெரியாது. சேவூர்ப் பக்கம் வற்றிக் கிடந்த குளத்தில் ஞாயிறுதோறும் பறக்கவிட்டு, உடைத்து, மறுபடி ஒட்டினோம். கடைசியில் அதில் தெர்மாகோலைவிட டேப்தான் அதிகம். ஆனால் அது எப்போது தடுமாறும் என்பது என் விரல்களுக்குப் பழகிவிட்டது.

பிறகு மரச்சட்டத்தில் பெரிய ரிமோட் விமானம் கட்டினோம். ஆறு மாத வேலை. இறக்கை என் உயரத்தைவிட நீளம். குளத்துத் தரையில் அதை இறக்கி வைத்ததும் அப்பா ரிமோட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங் கண்ணு, உழுந்தா ஒண்ணும் மிஞ்சாது. ஊட்டுக்கே போயிரலாம்."

"குடுங்கப்பா, நான் உடறனுங்க" என்று ரிமோட்டை வாங்கினேன்.

அது தரையில் ஓடி எழுந்தது. சின்னதைப் போலத் துள்ளாமல் நிதானமாக ஏறியது. இரண்டு வட்டம் அடித்துத் திரும்பும்போது குறுக்குக் காற்று ஒரு பக்கமாகச் சாய்த்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் ரிமோட்டின் குச்சியை எதிர்ப்பக்கம் மெல்லத் தள்ளிச் சமன் செய்து, அலுங்காமல் தரையிறக்கினேன்.

"கண்ணத் தொறங்கப்பா, எறக்கிட்டனுங்க."

அவர் ஓடிப்போய் இறக்கையைத் தடவிப் பார்த்தார்.

"மறுக்கா உடு சாமி. இந்தவாட்டி நான் பாக்கறேன்."