குசினிக் கதவுக்கு எதிரே ஒரு மேடு

என் மனைவியின் ஆண்டுத் திவசம் முடிந்த மறுவாரம், அவளுடைய தங்கை ஒரு சுளகு நிறையப் பயற்றங்காயுடன் வந்து எங்கள் சமையலறையான குசினியின் படியில் அமர்ந்தாள். அவளுடைய வீடு எங்கள் வீட்டு வளவுக்கு வடக்கே உள்ளது. இடையே இருப்பது ஒரு கிளிசரியா மரவேலியும், ஆட்கள் போய்வர அதில் விட்ட ஓர் இடைவெளியும் மட்டுமே. முக்கியமான எதையும் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. காயை முறித்துக்கொண்டு, அந்தக் காயிடமே சொல்வதுபோலச் சொல்வாள்.

“சின்னவளுக்குக் கலியாணம் முற்றாகிட்டுது அத்தான். ஆவணியில வைப்பம் எண்டு மாப்பிள வீட்டார் சொல்றாங்க.”

“நல்ல விசயம்.”

“நல்லதுதான். வீடுதான் இல்ல.”

எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்வார்கள். ஆண் தன் உடுப்புப் பெட்டியுடன் அந்த வீட்டுக்குப் போய்ச் சேருவான். நானும் அப்படித்தான், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல்களுக்கு நடுவே இருந்த ஓர் ஊரிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள இந்த வளவுக்கு வந்தேன். இது என் மாமியாருடையது. பிறகு என் மனைவியுடையது. இப்போது மெல்பேர்னில் இருக்கும் என் மகளுடையது. இத்தனை மரங்களை நட்ட நிலத்தின் உறுதிப் பத்திரத்தில் என் பெயர் ஒருபோதும் இருந்ததில்லை. மனைவி இருக்கும்வரை அது நினைத்துப் பார்க்க வேண்டிய ஒரு செய்தியாகவே எனக்குத் தோன்றவில்லை.

தங்கையின் பங்கிலிருந்த வீடு அவளுடைய மூத்த மகளுக்குப் போய்விட்டது. இப்போது அந்தக் கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. மூன்றாவதற்கு இடமில்லை. அவள் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. திவசம் முடியும்வரை வாய் திறவாமல் அவள் காத்திருந்தாள் என்பதை மட்டும் நான் கவனித்தேன்.

அன்று மாலை மகள் அழைத்தாள். அவளுக்கு எல்லாம் முன்னரே தெரிந்திருந்தது.

“பின்வளவ சின்னவளுக்கே குடுப்பம் அப்பா. சித்திக்கிட்டச் சொல்லிட்டன். எந்த இடம் எண்டு மட்டும் நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தானே நிலம் தெரியும்.” பிறகு, “நீங்க எப்ப இஞ்ச வாறீங்க?” என்றாள்.

“தோட்டம் கிடக்கே மகள்.”

“தோட்டம் கிடக்கு, தோட்டம் கிடக்கு. அம்மாவும் இதத்தான் சொல்லுவா.”

நான் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் கற்பித்தவன். ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், பேர்மகல்ச்சர் என்னும் நில வடிவமைப்பு முறையையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதன் அடிப்படை விதிகள் எளியவை. நிலத்தைத் தொடுவதற்கு முன் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் அதைப் பார்த்திருக்க வேண்டும். நாளாந்தம் தேவைப்படுவது காலடியிலும், எப்போதாவது தேவைப்படுவது தொலைவிலும் இருக்க வேண்டும். தோட்டத்திலுள்ள ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு தேவையும் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் நிறைவேற வேண்டும். எங்கள் வளவை நான் அவ்வாறே பார்த்திருந்து வரைந்தேன். வீட்டை மையமாக வைத்து, உள்ளிருந்து வெளியே விரியும் வட்டங்களைப் போட்டிருந்தேன். மனைவி அதைச் சிறிது நேரம் பார்த்தாள்.

“நடு வீட்டுக்குள்ளயா நான் நிக்கிறன்?”

“பின்ன?”

“குசினிக் கதவடியில. இந்த வட்டத்த எல்லாம் தூக்கி அங்க வைங்க.”

தூக்கி வைத்தேன். கதவுக்கு எதிரே நிலம் இயல்பாகவே சற்று உயரம். அதை மேலும் உயர்த்தினோம். வாவியில் அடர்ந்து மிதக்கும் ஆற்றுவாழையைத் தங்கையும் அவள் கணவரும் தோணியில் ஏற்றி வந்து கொட்டினார்கள். அதன்மேல் வைக்கோலும் கோழிக்கூட்டுக் குப்பையும் தென்னோலையும் போட்டோம். சில மாரிகள் கடந்தபின் வெளிறிய மணல் கறுத்த மண்ணானது. மீன் கழுவிய தண்ணீர் தேசி எனும் எலுமிச்சை மரத்துக்குப் போனது. தேசியின் நிழலில் வல்லாரை பரவியது. மேற்கு எல்லையில் கிளிசரியா, வேலியாகவும் பசளையாகவும், வெயில்காலத்தில் வாவியைக் கடந்து சுடச்சுட வீசும் கச்சான் காற்றுக்குத் தடுப்பாகவும் நின்றது.

அவள் நோயுற்றபோது வட்டங்களைத் திரும்ப வரைய நேர்ந்தது. முதலில் அவளால் தேசிமரம் வரை நடக்க முடிந்தது. ஆகவே பயற்றங்கொடியை மரத்துக்கு இப்பால் கொண்டுவந்தேன். பிறகு மேட்டின் நடுப்பகுதி வரைதான் முடிந்தது. கத்தரியும் பச்சைமிளகாயும் கிட்ட வந்தன. கடைசியில், படியில் அமர்ந்து கை நீட்டும் தூரம் மட்டுமே எஞ்சியது. அங்கே பொன்னாங்காணி நட்டேன். அடிக்கடி தேவைப்படுவதைக் கிட்ட வைப்பது விதி. நான் விதியைப் பின்பற்றினேன். ஒரு நாள் அவள் கை நீட்டவில்லை.

அதன் பின்னரும் எல்லாம் காய்த்தன. நான் ஒரு சோறும் ஒரு கறியும் சமைப்பவன். மற்றக் கறி வேலி இடைவெளியால் மூடிய கோப்பையில் வந்துவிடும். வெண்டி முற்றியது, கீரை பூத்தது, தேசிக்காய் மஞ்சளாகி மரத்தடியிலேயே கிடந்தது. ஆனால் விட்டுப்போகவும் இயலவில்லை. கோழிக்குக் கீரை வேண்டும். பாத்திக்குக் கோழி வேண்டும். காலையில் கூட்டைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். ஒன்றோடொன்று நன்றாகப் பிணைக்கப்பட்ட தோட்டத்திலிருந்து எதையும் தனியே கழற்றி எடுக்க முடியாது. அந்தப் பிணைப்பில் நானும் ஒரு கண்ணி என்பதை வரைபடத்தில் குறித்திருக்கவில்லை. ஒவ்வொரு தேவைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும் என்று வகுப்பில் வலியுறுத்தியவன், எனக்கு வேண்டிய யாவற்றையும் ஒரே ஆளிடம் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் கணவரும் சின்ன மகளும் பின்வளவைப் பார்க்க வந்தார்கள். தங்கையின் கணவர் வாவியில் இறால் பிடிப்பவர். பேச்சைச் சிரிப்பில் தொடங்குவது அவருடைய மரியாதை. மேட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே வாவியோரத்திலுள்ள பள்ளமான துண்டுக்கு நடந்தார். அது அப்போது காய்ந்து, வெடித்து, வெறுமையாகக் கிடந்தது.

“அண்ணன், தோட்டத்தில கை வைக்கிற கதையே வேணாம். இது சும்மாதானே கிடக்கு. கிரவல் மண் கொட்டி உயத்திட்டுக் கட்டுவம். மாப்பிள வீட்டுக்குள்ள இருந்துகொண்டே தூண்டில் போடலாம்.”

“மாரியில மீன் தானா வீட்டுக்குள்ள வரும் அப்பா. தூண்டில் என்னத்துக்கு?” என்றாள் சின்னவள்.

“வாய மூடுகா. கிரவல் கொட்டினா ஏன் வருது?” என்றாள் தாய். பிறகு, தரையைப் பார்த்தபடி, “அக்காட பாத்தி அப்படியே இருக்கட்டும் அத்தான். நீங்க ஓம் எண்டு சொன்னாச் சரி,” என்றாள்.

“பாத்துச் சொல்றன்,” என்றேன்.

பார்க்க எதுவும் இருக்கவில்லை. அந்தத் துண்டை நான் பல மாரிகள் பார்த்திருக்கிறேன். மார்கழியில் வாவி பெருகும். முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடும்வரை அது வடியாது. அந்நாட்களில் எங்கள் பின்வளவில் தண்ணீருக்கு மேலே தெரிவது குசினிக்கு எதிரேயுள்ள மேடு ஒன்றுதான். பள்ளத்தைக் கிரவல் கொட்டி உயர்த்தலாம், பலர் உயர்த்துகிறார்கள். ஆனால் தங்கையின் முற்றத்து மழைநீர் வாவிக்குப் போவது அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான். அதை மூடினால் தண்ணீர் அவளுடைய வாசலிலும் கிணற்றடியிலும் தேங்கும். ஓரிடத்தில் தடுத்த தண்ணீர் இன்னோரிடத்தில் நின்றே தீரும். இதைச் சொல்ல எனக்குப் புத்தகம் தேவையில்லை.

ஆயினும் அந்தக் கிழமை முழுவதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் கேட்கப்பட்டது ஒரேயொரு சொல். அதைச் சொன்னால் பாத்தி தப்பும். யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள், ஏனெனில் அந்த யோசனை அவர்களுடையது. மார்கழியில் வெள்ளம் வந்தாலும் மழையைத்தான் திட்டுவார்கள். காலையில் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுப் பள்ளத்துக்கு நடப்பேன். அங்கிருந்து மேட்டைத் திரும்பிப் பார்ப்பேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும், இந்த வளவில் ஒரு புது வீடு நிற்க ஏற்ற இடம் அதுவாகவே இருந்தது. என் சொந்தக் கையால் நான் அதை அப்படி ஆக்கியிருந்தேன்.

மூன்றாவது வழி ஒன்று எனக்குத் தோன்றியது. அடுத்த ஞாயிறு வேலியைக் கடந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் முற்றத்தில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“புது வீடு என்னத்துக்கு? இருக்கிற வீட்டையே பிள்ளைக்குக் குடுப்பம்,” என்றேன். “கோழிக்கூட்டடியில சாமான் அறை கிடக்குதானே. எனக்கு அது காணும்.”

அவர் வலையைக் கையிலிருந்து விட்டார். “என்ன கதை அண்ணன் இது. உங்களக் கோழியோட விட்டுட்டு எங்கட பிள்ள அந்த வீட்டில விளக்கு வைக்கிறதோ? கோழி கூடச் சம்மதியாது.”

யாரும் சிரிக்கவில்லை.

“ஊர் என்ன சொல்லும் அத்தான்?” என்றாள் தங்கை. “அக்கா போய் ஒரு வருசம் முடிய அத்தான வெளியில போட்டாளுகள் எண்டு சொல்லும். நீங்க இருக்கிற வரைக்கும் அது உங்கட வீடு.”

அவள் அதை முழு அன்புடன் சொன்னாள். என்னை எவரும் கட்டிவைக்கவில்லை. இருந்தும், திரும்பிய பக்கமெல்லாம் ஒருவர் மரியாதையுடன் வழியில் நின்றுகொண்டிருந்தார்.

“அப்ப மேட்டில கட்டுங்க.”

சின்ன மகள்தான் முதலில் பேசினாள். “பெரியப்பா, அது பெரியம்மாட பாத்தி.”

“ஓம்.”

“பள்ளம் எண்டாலும் எனக்குப் பரவாயில்ல.”

“பரவாயில்ல எண்டு ஆவணியில சொல்லலாம் பிள்ள. மார்கழியில சொல்ல ஒண்ணா. பள்ளத்த மூடினாத் தண்ணி உங்கம்மாட வாசலுக்கு வரும்.”

தங்கை எழுந்து உள்ளே போனாள். தேநீருடன் திரும்பி வரும்போது அவள் முகம் கழுவியிருந்தாள்.

மறுநாள் நானும் அவள் கணவரும் கட்டை அடித்து நூல் கட்டினோம். அவர் சம்மட்டியைப் பிடித்தார். நான் இடம் காட்டினேன். அன்று அவர் பகிடி எதுவும் விடவில்லை. தேசிமரம் நூலுக்குச் சற்று வெளியே தப்பியது. மற்றவை யாவும் உள்ளே அகப்பட்டன.

“குசினிக் கதவ எந்தப் பக்கம் வைக்கிற அண்ணன்?”

“தேசிமரப் பக்கம். கச்சான் படாது. மீன் கழுவுற தண்ணி நேரா மரத்தடிக்குப் போகும்.”

“அத்திவாரம்?”

“கறுத்த மண்ணில நிக்காது. வெள்ள மணல் வரைக்கும் வழிச்செடுக்கோணும்.”

“எடுத்து என்ன செய்ற?”

“வேலியோரம் குவிங்க. வீணாக்க வேணாம்.”

அத்திவாரம் வெட்டுவதற்கான நல்ல நாள் சில கிழமைகள் தள்ளியிருந்தது. மகளிடம் தொலைபேசியில் இடத்தைச் சொன்னேன். “இனியாவது வாங்கப்பா,” என்றாள். கோழி இருக்கிறது என்றேன். அது உண்மை.

அந்தக் கிழமைகளில் நான் வழக்கம்போல் காலையில் கிணற்றில் அள்ளி, இரண்டு வாளிகளுடன் நூலைத் தாண்டி உள்ளே போனேன். கத்தரிக்கு, மிளகாய்க்கு, பயற்றங்கொடிக்கு, கடைசியாகப் படியோரத்துப் பொன்னாங்காணிக்கு. திரும்பவும் நூலைத் தாண்டி வெளியே வந்தேன். கச்சான் வீசத் தொடங்கியிருந்தது. ஒரு காலை தவறினாலும் இலைகள் சுருண்டுவிடும்.

ஒரு நாள் தங்கை வேலி இடைவெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் மூடிய கோப்பை இருந்தது.

“இன்னும் ஏன் அத்தான் தண்ணி ஊத்திறீங்க?”

“மண் இறுகிட்டுதெண்டா வெட்டுற ஆக்களுக்குக் கஷ்டம்.”

அவள் கோப்பையைக் குசினிப் படியில் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் சற்று உயர்த்தி நூலைத் தாண்டி வந்தாள். தோணி தோணியாக ஆற்றுவாழை சுமந்து கொட்டிய அந்த இடத்தில் குதிக்காலை ஊன்றினாள். கால் கணுக்கால் வரை புதைந்தது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள்.

“ஓம்,” என்றாள். “இறுக்கமாத்தான் கிடக்கு.”