ஸ்டெல்லாம்மா வீட்டு மாடிக்கு நெட் ஏறுன கதை

வீட்டை இடிச்சுத் திருத்திக் கட்டறப்போ கொத்தனாரு, டைல்ஸ்காரரு, பெயிண்டரு எல்லாருக்கும் திட்டு விழும். மிச்சம் மீதி மொத்தமும் நெட் வயர் இழுக்கறவன் தலையில விழும். ஏணியும் கையுமா அலையற சொந்தங்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

முதல் நாள் மரியாதை

ஓசூர்ல ஸ்டெல்லாம்மா வீடு. அவங்க மக ஜெசி பெங்களூரு கம்பெனியில வேலை, கைக்குழந்தைக்காரி. திங்கட்கிழமைக்குள்ள மாடி ரூமுக்கு நெட் வந்தா வீட்ல இருந்தே வேலை பாக்கலாம். வரலைன்னா குழந்தைய அம்மாகிட்ட வுட்டுட்டு தினமும் பஸ் ஏறணும். பாவம்னு உடனே வேலைய ஆரம்பிச்சேன். சுவத்துக்குள்ள பைப் புதைச்சு, பின்னால கேபிள் இழுக்க தோதா உள்ளாற மஞ்ச நைலான் கயிறு வுட்டு, ரெண்டு முனையும் வெளிய தொங்க வச்சேன். மாடி ரூம்ல பைப் முடியற எடத்துல, நெட் பாயிண்ட் மாட்ட சுவத்துக்குள்ள ஒரு சின்னப் பெட்டியும் பதிச்சேன். ஸ்டெல்லாம்மா பாத்தாங்க. "ஏம்ப்பா, புது சுவத்துல கோமணக் கயிறு மாதிரி என்னத்தத் தொங்க வுட்டிருக்க?"

காணாமப் போன பெட்டி

பூச்சு வேலை முடிஞ்சு வந்து பாத்தா, மாடி ரூம்ல நான் வச்ச பெட்டியவே காணோம். சுவரு மொழுமொழுன்னு இருக்கு! கொத்தனாரு முனியப்பா எங்கிட்ட தமிழு, ஆளுங்ககிட்ட கன்னடம், கோவம் வந்தா தெலுங்கு. அன்னிக்குத் தெலுங்குல ஆரம்பிச்சு தமிழ்ல முடிச்சாரு. "பள்ளமா கெடந்துச்சு, நீ சொல்லாமலே அடைச்சுக் குடுத்திருக்கேன், ஒரு நல்ல வார்த்தை சொல்றியா நீ?"

வாசல்ல என் கயிறு

தட்டித் தட்டிப் பாத்து பெட்டியத் தோண்டி எடுத்தேன். பைப் இருக்கு, கயிறு இல்ல. தேடிக்கிட்டு வாசலுக்கு வந்தா, டிசம்பர் மாசமில்லியா, பெரிய கிறிஸ்துமஸ் ஸ்டார் ஜம்முனு தொங்குது. என் மஞ்சக் கயிறுல! "இது கேபிள் இழுக்கற கயிறும்மா"ன்னேன். ஸ்டெல்லாம்மா அசரவே இல்ல. "சுவத்துக்குள்ள சும்மாதானே கெடந்துச்சு, இங்க ஏசப்பாவுக்காவது ஆவுதுல்ல?"

உறிஞ்சு வைத்தியம்

வயர் இழுக்கற ஸ்பிரிங்கைப் பைப்புக்குள்ள வுட்டுப் பாத்தேன், வளைவுல சிக்கிக்கிச்சு. சனிக்கிழமை பொழுது சாயுது. ஜெசி குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு கண் கலங்கி நிக்கறா. பக்கத்து வீட்டு பாய்கிட்ட வாக்குவம் கிளீனர் வாங்கியாந்து, நூல் முனையில பாலிதீன் துண்டு கட்டி பைப்போட கீழ் முனையில வுட்டு, மாடி முனையில இருந்து உறிஞ்சுனேன். சர்ருனு வந்துச்சு நூலு! நூல்ல கயிறு, கயிறுல கேபிள். ஜெசி குழந்தையத் தூக்கிப் போட்டுப் புடிச்சா.

திங்கட்கிழமை லைன் எப்படின்னு பாக்கப் போனா, ஜெசி மூஞ்சி தொங்கிப் போயி உக்காந்திருக்கா. லைன் இவ்ளோ நல்லா இருக்கே, இனி ராத்திரி மீட்டிங்கையும் நீயே பாத்துக்கன்னு மேனேஜர் சொல்லிட்டாராம். என்னைப் பாத்துக் கேட்டா பாருங்க: "அண்ணா, அந்த வயரைக் கொஞ்சம் லூசு பண்ணி வுட்டுட்டுப் போறீங்களா?"

கேபிள் வழியா நெட் மட்டும்தான் வரும், மேனேஜர் வரமாட்டாருன்னு நாம எந்த வீட்லயும் கேரண்டி குடுக்கறதில்ல சொந்தங்களே.