வேனில் பிறந்த பிள்ளைக்கு ஒரு சாட்சி

இலவசம் என்று போர்டு மாட்டினால் ஒருத்தரும் நம்புவதில்லை. எங்கள் தொழிலில் முதல் தொல்லையே அதுதான். பெரம்பலூரில் ஓர் இலவச சட்ட உதவி மையத்தில் நான் தன்னார்வலர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். மனு எழுதுவது வக்கீலம்மா, ஆளைத் தேடிப் பிடித்து வருவது நான். அரசாங்க ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றிருந்தால் உங்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம்.

பையில் வந்த கோழி

இலங்கையிலிருந்து சின்ன வயதில் படகேறி வந்து, இங்கே முகாமில் தையல் மிஷினோடு காலூன்றியவர் ரஜனி. மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. பிறப்புச் சான்றுதான் இல்லை. காலேஜில் சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஃபீஸ் கிடையாது என்றேன். அவர் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கோழி பாய்ந்து வக்கீலம்மாவின் கேஸ் கட்டுகள் மேல் ஏறி நின்றது. எதற்கம்மா இது என்று கத்தினேன்.

"சும்மா செய்யிற வேலையை நாளைக்கு, நாளைக்கு எண்டு தள்ளிப் போடுவினம் அண்ணை. முதல்ல கோழியைப் பிடியுங்கோ."

டிரைவர் யார்?

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ரஜனி கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சமைக்கப் போன இடத்தில் வலி கண்டு, ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் வாலிகண்டபுரத்துக்கிட்டே வேனிலேயே பிள்ளை பிறந்திருக்கிறது. யாரும் எங்கும் பதியவில்லை. வியாழக்கிழமை அதிகாரி விசாரணைக்குச் சாட்சி வேண்டும். கூட இருந்தது வேன் டிரைவர் மட்டும், எறையூர் முருகேசன்.

பேரைக் கேட்டதுமே நான் எழுந்துவிட்டேன். முருகேசன் என் பெண்டாட்டியின் தம்பி. தன் மகள் காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் போனில் கூப்பிட்டவன். பதினோரு வருஷமாக அவன் வாசல் மிதித்ததில்லை. மிதிக்கவும் மாட்டேன் என்றேன்.

வக்கீலம்மா பேனாவை மூடினார். "உங்க ரோஷத்துக்கு வாய்தா வாங்கலாம் அண்ணே, இந்தப் பொண்ணுக்கு வாங்க முடியாது."

எறையூரில் ஒப்பாரி

பகையாளி வீட்டுக்கு எங்கள் பக்கம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் போவார்கள். அதை மறந்து போய் நின்றேன். என்னைக் கண்டதும் முருகேசனின் பெண்டாட்டி மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி மாலை வாங்க ஆள் அனுப்பிவிட்டாள். முருகேசன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "யாரு மச்சான் போயிட்டா?" என்றான்.

"யாரும் சாவல மாப்ள, ஒரு புள்ள பொறந்திருக்கு!" என்று நானும் கத்தினேன்.

விஷயம் புரிந்ததும் அவன் அழுகை நின்றது. நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சாட்சிக்கு வரணும்னா வெத்தல பாக்கு வச்சு முறையா கூப்புடுங்க மச்சான்."

வியாழக்கிழமை

வைத்தேன். வந்தான். பிறந்ததை நேரில் பார்த்தாயா என்று அதிகாரி கேட்டார்.

"பாக்கல சார். கரும்புப் பக்கம் திரும்பி நின்னுட்டேன்."

ரஜனி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகள் அழவே தொடங்கிவிட்டாள். அப்புறம் எப்படிய்யா சாட்சி சொல்ல வந்தாய் என்று அதிகாரி எரிந்து விழுந்தார்.

"வேன்ல நான் ஏத்துனது ஒரு ஆளு சார். ஆஸ்பத்திரில எறக்குறப்ப ரெண்டு பேரு. நடுவுல எங்கயும் நான் யாரையும் ஏத்தல."

அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார், பிள்ளையும் வெள்ளிக்கிழமை காலேஜில் சேர்ந்துவிட்டாள், நான்தான் பதினோரு வருஷமாகக் கட்டிக்காத்த ஒரு நல்ல பகையை இலவசமாகத் தொலைத்துவிட்டு நிற்கிறேன்.