அக்காவிடம் விட்டுப்போன சேவல்

கோழி மடியில் ஏறி உட்கார்ந்தால் முதலில் தெரிவது அதன் எடை அல்ல, சூடு. மரக்காணத்து உப்பளத்தில் காலையெல்லாம் உப்புக்கூடை சுமந்துவிட்டு, குதிகால் வெடிப்பு எரிய எரிய வந்து வாசலில் காலை நீட்டி உட்காருவேன். சாம்பல் நிறப் பெட்டை ஒன்று தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்திலிருந்து தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கும். பிறகு நிதானமாக நடந்து வந்து, தன் இடத்துக்கு வருவதுபோல மடியில் ஏறி, இறகைத் தளர்த்தி உட்கார்ந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில், பேச ஆளில்லாத அந்த வெள்ளை வெளியில், என்னைத் தேடி வந்த முதல் உயிர் அதுதான்.

அவை சிறுவிடைக் கோழிகள். குட்டைக் கால், சின்ன உடம்பு, முட்டையும் சின்னது. ஆனால் விடாமல் இடும், பொறுப்பாக அடைகாக்கும். திண்டிவனத்துப் பக்கம் இருந்த அம்மா வீட்டிலிருந்து சில பெட்டைகளையும் ஒரு சேவலையும் கூடையில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அம்மா வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. வயிற்றுக்கு அடியில் கைவிட்டு முட்டை எடுக்கும்போது கொத்துகிற கோழியின் முட்டையை அடை வைக்கக் கூடாது, அது குழம்புக்கு. கைக்குப் பணிந்து, முட்டையும் நிறைய இடுகிற கோழியின் முட்டைதான் அடைக்கு. வெளிச் சேவல் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. இப்படிப் பல வருடம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதால்தான் எங்கள் கோழிகள் ஆளைக் கண்டு ஓடாமல் ஆளிடம் வந்தன. உப்பளத்தில் மழை மாதங்களில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் கை கொடுத்தது முட்டைதான்.

இரண்டு வீடு என்று சொன்னதில் மற்றொன்று என் கணவருடைய அண்ணன் வீடு. ஒரே வாசல், நடுவில் ஒரு தட்டி. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். குரல் பெரிசு, கை அதைவிடப் பெரிசு. உப்பு வாருவது எப்படி, கண் கூசாமல் பாத்தியைப் பார்ப்பது எப்படி என்று காட்டித் தந்தவள் அவள்தான். கோழி வளர்க்க நான் அவளுக்குக் காட்டித் தந்தேன். முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கரு பார்ப்பதில் சீக்கிரமே என்னை மிஞ்சிவிட்டாள்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மசக்கையில் படுத்திருந்தேன். கடல் எங்கள் வாசலுக்கு நேராக வரவில்லை, உப்பங்கழி வழியாகப் பின்னாலிருந்து வந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்தபோது கோழிக்கூடைகள் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தன. பக்கத்தில் தத்தளித்த ஒரு சேவல் குஞ்சை எடுத்து முந்தானையில் சுருட்டிக்கொண்டேன். மூன்று மாதக் குஞ்சு. அதற்குள் இடுப்புவரை தண்ணீர். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். விற்காமல் ஓலை போட்டு மூடியிருந்த உப்பு அம்பாரத்தின்மேல், என்னை முதலில் தள்ளி ஏற்றிவிட்டுத்தான் அவள் ஏறினாள். தண்ணீர் வடியும்வரை அவள் பிடித்த பிடியை விடவில்லை. மணிக்கட்டில் அவள் விரல் தடம் பல நாள் நீலமாக இருந்தது.

முப்பதுக்கு மேல் இருந்த கோழிகளில் மிஞ்சியவை வேலிக்காத்தான் மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மூன்று பெட்டைகளும் என் முந்தானைக் குஞ்சும்தான். அம்மா வீட்டிலோ அதற்கு முந்தின வருடமே கோழிச் சீக்கு வந்து எல்லாம் போயிருந்தது. அந்த வழியில் இனி இருப்பது இந்த ஒரே ஆண் குஞ்சு. அது வளர்ந்து செம்மண் நிறத்தில், கருத்த வாலோடு, சேவலானது. என் குரல் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவரும், உள்ளங்கையில் கம்பு வைத்தால் வலிக்காமல் பொறுக்கும்.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்து அம்மா வீட்டுக்குப் போகும்போது சேவலைத் தூக்கி அக்கா கையில் கொடுத்தேன். "இது ஒண்ணுதான்க்கா இருக்குது" என்றேன். "ஏன் நான் பாத்துக்க மாட்டேனா? நீ புள்ளைய நல்லபடியா பெத்துக்கினு வா, போ" என்று அவள் சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் தலையைத் தடவினாள்.

கைக்குழந்தையோடு நான் திரும்பி வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வாசலுக்கு வந்ததும், குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, வழக்கமான குரலில் கூப்பிட்டேன். பெட்டைகள் வந்தன. சேவல் வரவில்லை. தட்டியோரம் நின்று கழுத்தை நிமிர்த்திப் பார்த்தது. அருகில் போனால் விலகியது.

"கால் ஒசந்தாப்ல இருக்குதேக்கா?"

"வளர்ற வயசு. நீ போயி எத்தினி மாசம் ஆச்சி!"

"என்னைத் தெரியலயே அதுக்கு."

"புள்ள பெத்தவ வாசன வேற. மறந்துட்டிருக்கும்" என்றாள் அக்கா, குழந்தையைக் கொஞ்சியபடியே.

நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, வருத்தப்பட்டேன். உயிர் காப்பாற்றிய குஞ்சு என்னை மறந்துவிட்டதே என்று அன்று சாப்பிடும்போது கண்ணீர் விட்டேன். அக்கா எனக்கு எதிரில் உட்கார்ந்து ரசம் ஊற்றினாள்.

மூன்று பெட்டைகளையும் அடை வைத்துக் குஞ்சு பொரித்தோம். அனுமந்தையில் கடலோர வீடுகளில் பெண்கள் தங்கள் கோழிகளை எல்லாம் பறிகொடுத்திருந்தார்கள். நன்றாக முட்டையிடும், பிள்ளைகளோடு பழகும் கோழி வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு மாதக் குஞ்சுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் வீடு வீடாகப் போனோம். "மடியில ஏறி ஒக்காரும் பாருங்க" என்று நான் ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். எந்த வீட்டுக்கு எந்தக் குஞ்சு என்று பொறுக்கிக் கொடுத்தது அக்கா. "எங்க தங்கச்சி கை ராசிக் கை" என்று சொன்னதும் அவள்தான்.

குஞ்சுகள் வளர வளரக் கால்கள் நீண்டன, கழுத்து நிமிர்ந்தது. என் வாசலில் இருந்தவை மடிக்கு வரவில்லை. கடல் தண்ணீர் பட்ட மண், தீனி சரியில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த ஆடி மாதம் அனுமந்தையிலிருந்து ஒரு பெண், கால் கட்டிய சேவலை ஒரு கையிலும் நான்கு வயது மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்குழந்தையின் கண்ணுக்குக் கீழே தையல் போட்டிருந்தது.

"இன்னாம்மா கோழி குடுத்த நீ? மடியில ஒக்காரும்னு சொன்னியே, மூஞ்சிலதான் ஏறுது. கண்ணு தப்பிச்சதே பெரிசு. முட்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்லாத்தையும் கடல்ல குடுத்துட்டு நிக்கறோம், எங்களையா ஏமாத்துவ?"

பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். "ஐயோ பாவம், கொழந்த" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உண்மை வேறு வழியாக வந்தது. அக்காவின் தம்பி கீழ்புத்துப்பட்டில் சண்டைச்சேவல் வளர்ப்பவர். அந்த வாரம் அக்காவைப் பார்க்க வந்தவர், அனுமந்தைப் பெண் விட்டுப்போன சேவலைத் தூக்கி நெஞ்சை அமுக்கிப் பார்த்தார். "நம்ம சேவல் வாரிசு நல்லா வந்துருக்குதே" என்றார். நான் விழித்தேன். அவரும் விழித்தார். "அக்கா சொல்லலியா? நீ பிரசவத்துக்குப் போயிருந்தப்போ எங்க வூட்ட பிரிச்சி கட்டிக்கினு இருந்தோம். எங்கோழிங்கள இங்கதான் வுட்டிருந்தேன். எம் முட்டைங்கள உன் பெட்டைங்கதான் அடைகாத்துச்சு. உஞ்சேவல எங்க சண்டைச்சேவல் கருப்பன் மொத நாளே அடிச்சிப் போட்டுட்டான்மா. அதே கலர்ல ஒண்ணு குடுடான்னு அக்காதான் கேட்டு வாங்கிச்சு."

அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குத் தெரியும் என்றே அவர் நினைத்திருந்தார்.

அக்கா வீட்டுக்குப் பின்னால் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"வயித்துல புள்ளைய வெச்சிக்கினு இருக்கறவகிட்ட, உன் சேவல் செத்துட்டுதுன்னு சொல்லி அனுப்பச் சொல்றியா?"

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ அதையே பாத்துக்கினு இருந்த. எப்பிடிச் சொல்றது?"

"குஞ்சுங்கள குடுக்கறப்ப? வூடு வூடா நான் சத்தியம் பண்ணாத கொறையா சொன்னேனே, நீ பக்கத்துலதான நின்ன?"

அருவாமனையில் மீன் தலை தெறித்தது. "கோழிதானேடி" என்றாள். நான் போகாமல் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தாள். "அன்னிக்கு உன் கைய நான் வுட்டிருந்தா? நீ ஏது, உன் புள்ள ஏது, கோழி ஏது?"

அதுவரை அழலாமா, சண்டை போடலாமா என்று தெரியாமல் நின்றவள், அதைக் கேட்டதும் இரண்டுமே வராமல் திரும்பி வந்துவிட்டேன். சேவல் செத்ததை மன்னித்திருப்பேன். பயத்தில் சொன்ன முதல் பொய்யைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் அந்த அம்பாரத்தின்மேல் அவள் என்னைப் பிடித்திருந்த பிடியைத்தான் என் வாழ்க்கையிலேயே எதுவும் எதிர்பாராமல் ஒருவர் எனக்குச் செய்தது என்று வைத்திருந்தேன். அதை என் வாயை அடைக்க எடுத்துவிட்டாள்.

மறுநாள் வெறுங்கூடையோடு தனியாக அனுமந்தைக்குப் போனேன். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய், "இனம் கலந்துபோச்சி, நான் பாக்காம குடுத்துட்டேன், என் தப்பு" என்று சொன்னேன். அக்கா பெயரை எடுக்கவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் பெயரைச் சொன்னால், அழுதுவிடுவேன் என்று பயம். சிலர் கோழியைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் அடித்துக் குழம்பு வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். கண்ணுக்குக் கீழே தையல் போட்ட குழந்தையின் அம்மா கதவைத் திறக்கவே இல்லை.

தட்டி இருந்த இடத்தில் பிறகு சுவர் வந்தது. அண்ணன் தம்பிகள் பேசிக்கொண்டார்கள், நாங்களும் நல்லது கெட்டதில் பேசிக்கொண்டோம். அம்மாவுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சிறுவிடைச் சேவல் தேடிப் பிடித்து, என் மூன்று பெட்டைகளில் மிஞ்சியிருந்த ஒன்றோடு சேர்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கொத்தாத கோழியாகப் பொறுக்கி, மடிக்கு வருகிற அளவுக்குக் கொண்டுவரப் பல வருடம் ஆனது. இப்போது நாங்கள் மரக்காணம் டவுனுக்குள் குடிவந்துவிட்டோம். இங்கேயும் பத்துப் பன்னிரண்டு கோழி இருக்கிறது. தெருப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

போன தையில் அக்கா வந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. பெரிய கைகள் இப்போது நடுங்குகின்றன. புதுச்சேரியில் இருக்கும் மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு முட்டைக்காகக் கோழி வேண்டும் என்றாள். முட்டையிடும் பருவத்துக்கு வந்த வெடக்கோழிகளில் நல்லதாக இரண்டைப் பிடித்துக் கூடையில் வைத்துக் கொடுத்தேன். காபி குடித்தாள். எழுந்திருக்கும்போது, "ஜோடியா ஒரு சேவலும் குடேன். குஞ்சு எடுத்துக்குவா" என்றாள்.

"சேவல் இல்லக்கா" என்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், வாசலில், மூன்று சேவல்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அக்கா அவற்றைப் பார்த்தாள். பிறகு கூடையை மூடித் தலையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.