பேரைத் தொடவிடாத மைக்கேல்ராஜ்

பெங்களூரு ஆஸ்டின் டவுனிலிருந்து பொம்மசந்திராவுக்குப் பதினெட்டு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர் மைக்கேல்ராஜ். தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க். நோட்டீஸ் போர்டு அவருடைய ராஜ்யம். கேன்டீன் மெனுவில் எழுத்துப்பிழை வந்தால் மன்னிப்பார். அரசாங்கம் பேர் வைத்த தினங்களில் ஓர் எழுத்து பிசகினாலும் பேனரைத் திருப்பி அனுப்பிவிடுவார். காந்தி ஜெயந்தியைக் 'காந்தி பிறந்தநாள்' என்று அச்சடித்த கடைக்காரர் இன்னும் அவர் போனை எடுப்பதில்லை.

போன வருடம் மார்ச் நான்காம் தேதி, தேசியப் பாதுகாப்பு தினம். பேனரை அச்சுக்குக் கொடுக்கும் முன் புதிதாகச் சேர்ந்த வெல்ஃபேர் ஆபீசர் வீணா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், படிச்சா மிலிட்டரி சமாச்சாரம் மாதிரி இருக்கு. 'வேலையிடப் பாதுகாப்பு தினம்'னு போட்டா எல்லாருக்கும் புரியுமே?"

"அது பேரும்மா. அர்த்தம் பாத்து மாத்த முடியுமா? கேன்டீன் சின்னத்தாயிக்கு அறுபது வயசாச்சு. பெரியதாயின்னு மாத்திடலாமா?"

வீணா பேனரை அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.

உரையாற்ற வேண்டிய தீயணைப்பு அதிகாரிக்கு முதல் நாள் காய்ச்சல் வந்துவிட்டது. மைக்கேல்ராஜ் தன் தெருவிலிருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார் கோவிந்தப்பாவைக் கூப்பிட்டார். போனில் தினத்தின் பேரை மட்டும் அழுத்தந்திருத்தமாகச் சொன்னார்.

சுபேதார் மெடல்களோடு வந்து இறங்கினார். இருபது நிமிடம் எல்லைக் காவலைப் பற்றி முழங்கினார். ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மேனேஜர் சுந்தரராமன் திரும்பிப் பார்த்தபோது மைக்கேல்ராஜ் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சின்னத்தாயிதான் எழுந்தார். "ஐயா, அங்க பனியில கிளவுஸ் போடுவீங்களா? இங்க மாட்டுங்கன்னா ஒருத்தரும் கேக்குறதில்ல."

சுபேதார் இடது கையை உயர்த்தினார். இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. "பனி தின்னது. கொஞ்ச நேரம்தாம்மா கழட்டி வெச்சேன். பீடி பத்தவைக்க."

அன்று மதியமே ஸ்டோரில் கிளவுஸ் தீர்ந்துபோனது.

சுபேதாரை அழைத்துவந்ததற்காக எல்லாரும் மைக்கேல்ராஜைப் பாராட்டினார்கள். அவருக்குத்தான் பாராட்டு உள்ளே இறங்கவில்லை. பஸ்ஸில் வீடு வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்த வருடப் பேனரில் பேருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'வேலையில் அடிபடாமல் இருப்பது பற்றி.'

வீணா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதுவும் பேர்ல சேர்த்தியா சார்?"

"இல்லம்மா, இது விளக்கம். இதுல நீங்க எத வேணா திருத்துங்க" என்றவர், மேல் வரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.