றூல்ஸ் அக்காவும் என் அர்ச்சனைச் சீட்டும்

“அவற்ர நட்சத்திரம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று ஒரு விசாரணையில் என்னிடம் கேட்கப்பட்டது. சூதாட்டம் சம்பந்தமான விசாரணை. மில்லிக்கனில் தமிழ்க் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் மாடி அறை. கீழ்க்கடையில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம் தரை வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பென்சிலைத் தயாராகப் பிடித்திருந்தார். “அவற்ர அம்மா சொன்னவ. உத்தரம், கன்னி ராசி,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. உத்தரம் என்று எழுதி அடியில் கோடும் போட்டார். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. அன்றைக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, அவர் எழுதுவதைத் தலைகீழாக வாசிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடையில் மட்டும் நடக்கும் ஒரு கிரிக்கெட் லீக்கில், ஓர் அணிக்கு நான் பிசியோவாக இருந்தேன். சுளுக்கு, தசைப்பிடிப்பு, விலகிய மூட்டு எல்லாம் என் கைக்கு வரும். கேள்வி கேட்டவர் அந்த லீக்கின் நேர்மைக் கண்காணிப்பு அதிகாரி. பையன்கள் அவருக்கு ‘றூல்ஸ் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காப்புறுதிக் கம்பனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவராம். வெயில் கொளுத்தினாலும் சாம்பல் நிறக் கார்டிகன். கையில் பாலில்லாத பிளேன்ரீ போத்தல்.

அவர் ஏன் எங்களிடம் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். இந்த மாகாணத்தில் கைப்போனிலேயே சட்டப்படி பந்தயம் கட்டலாம் என்று வந்த பிறகு, பந்தயக் கம்பனிகள் எல்லா விளையாட்டுக்கும் பந்தயம் எடுக்க முடியாதென்று ஒரு கட்டுப்பாடும் வந்தது. அந்த விளையாட்டை நடத்தும் அமைப்பிடம் ஒழுங்கான விதிகள் இருக்க வேண்டும். விளையாடுபவர், நடுவர், பயிற்சியாளர், என்னைப் போன்ற பிசியோ, ஒருவரும் பந்தயம் கட்டக் கூடாது. உள்ளே தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது. வழமைக்கு மாறாகப் பந்தயப் பணம் விழுந்தால் கம்பனி அறிவிக்கும், அமைப்பு விசாரிக்க வேண்டும். விசாரிக்க ஆளில்லாத லீக் பட்டியலிலிருந்து விழுந்துவிடும், விளம்பரக்காரரும் போய்விடுவார்கள். அதனால்தான் றூல்ஸ் அக்கா.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எங்களை இருத்தி ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுப்பார். “உங்களுக்குத் தெரிஞ்சது மற்றவைக்குத் தெரியாட்டி அதுக்கு ஒரு விலை இருக்கு. ஆரும் கேட்டால் வாயை மூடுங்கோ,” என்பார். பின்வரிசையில் இருந்து நான்தான் அதிகம் நக்கல் அடித்தேன். “என்னட்டை ஆர் அக்கா கேட்கப் போகினம்? எண்ணெய் பூசுற ஆள் நான்,” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் என் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வெள்ளிக்கிழமை நண்பகல் பயிற்சியில் எங்கள் கப்டன் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்தான். தோள்மூட்டு விலகிவிட்டது. மறுநாள் பெரிய ஆட்டம், அவன் விளையாட வழியே இல்லை. பின்னேரம் அவன் தாய் யூனியன்வில்லில் இருந்து அழுதழுது போன் எடுத்தார். பிறம்ரன் வெயர்ஹவுசில் இரண்டு ஷிப்ட் வேலை செய்து அவனை ஆளாக்கிய மனுசி. “பிள்ளை, நீ கோயிலடியாலதானே வீட்டை போறனி. அவன்ர பேரில ஒரு அர்ச்சனை செய்துவிடு,” என்றார். இதற்கு மாட்டேன் என்று எந்தத் தமிழர் சொல்வார்?

கோயில் கவுன்ரரில் இருந்த அன்ரி பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். பிறகு, ஆசையாகத்தான், “என்னம்மா பிள்ளைக்கு?” என்றார். எனக்கு வாய் சும்மா கிடக்குமா? “தோள்மூட்டு விலகிட்டுது அன்ரி. நாளைக்கு விளையாட ஏலாது,” என்றேன். எனக்குப் பின்னால் எங்கள் அணியின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். “ஆர், கப்டனே?” என்றார். “ஓம் அண்ணை,” என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஊருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற அற்பப் பெருமை.

சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றோம். அது போகட்டும். திங்கட்கிழமை காலை லீக்கிலிருந்து ஒரு மடல் வந்தது. எங்கள் அணி தோற்கும் என்று வெள்ளிக்கிழமை வழமைக்கு மாறாகப் பணம் விழுந்திருக்கிறது, கப்டனின் காயம் பற்றி வெளியே பேசியவர்கள் தாங்களாகவே வந்து சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. மத்தியானம் கப்டனின் போனை வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் காயம் அவனுக்குத்தானே முதலில் தெரியும்! அடுத்த மாதம் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அவன் பெயர் போயிருந்தது. சந்தேகம் தீராவிட்டால் முகாம் இல்லை. அதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் அவனே காசு வாங்கினான் என்று கதை கட்டி முடித்துவிட்டார்கள்.

என் மனுசன் எனக்கு நல்லதைத்தான் நினைத்தார். “நீர் பேசாமல் இரும். லைசென்ஸ் போனால் என்ன செய்யிறது?” என்றார். நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கோயிலில் நான் விட்ட வாய்க்கு ஒரு பிள்ளையின் வாழ்க்கை போகப் போகிறது. அந்தத் தாய் மறுபடி போன் எடுத்து, “அர்ச்சனை செய்தனிதானே பிள்ளை? பிறகும் ஏன் இப்பிடி?” என்று கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் அந்த மாடிப்படி ஏறினேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ‘எண்ணெய் பூசுற ஆள்’ கதையைச் சொல்லிக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிளேன்ரீயில் பாதியை எனக்கு ஊற்றித் தந்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார். கவுன்ரரில் ஆர் இருந்தவ? பின்னால் நிண்டவர் எவ்வளவு தூரத்திலை? ஐயர் பெயரை எவ்வளவு சத்தமாய்ச் சொன்னவர்? நட்சத்திரக் கேள்வியும் அப்போதுதான் வந்தது. கடைசியாக, “சீட்டு இருக்கோ?” என்றார். கைப்பையைக் கொட்டித் தேடினேன். திருநீற்றுப் பொட்டலத்தோடு கசங்கிப்போய்க் கிடந்தது. கைப்பையைத் துப்புரவாக்காத என் சோம்பலை அன்று ஒரு நாள் மெச்சிக்கொண்டேன். அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாள் தானே கோயிலுக்குப் போய், கவுன்ரரில் பேசுவது வரிசையில் எத்தனை பேருக்குக் கேட்கிறது என்று நின்று பார்த்தாராம்!

ஒரு கிழமை கழித்துக் கூப்பிட்டார். “இருங்கோ,” என்றார். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தேன். “அந்தக் காசு விழுந்தது வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. உங்கட அர்ச்சனைச் சீட்டிலை அடிச்சிருக்கிற நேரம் ஆறு நாப்பது. மூண்டு மணிக்கே உங்கட அணியின்ர இணையப் பக்கத்திலை ஒரு வீடியோ போட்டிருக்கினம். கப்டன் தோளிலை ஐஸ் கட்டிக்கொண்டு பின்னாலை நிக்கிறான். போட்ட ஆக்கள் அதைக் கவனிக்கேல்லை. உலகம் முழுக்கப் பாத்தது உள்வீட்டு விசயமில்லை. அவன்ர போனும் சுத்தம். அவன் முகாமுக்குப் போகலாம்.” நான் விக்கி விக்கி அழுதேன். அப்பாடா என்றேன். அவர் என் முன்னால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தை வைத்தார். “உங்கட தலை தப்பினது நேரத்தாலை. வாயாலை இல்லை. அதை மறக்காதேங்கோ.”

கப்டனிடம் மன்னிப்புக் கேட்டேன். “அக்கா, அம்மா சொல்லித்தானே செய்தனீங்கள். leave it,” என்று மற்றக் கையால் என் முதுகில் தட்டினான். சில நாள் கழித்து ஒரு ரேக்அவுட் சாப்பாட்டுக் கடையில் அந்தத் தொப்பிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, உங்கட அர்ச்சனையை நம்பி, அவன் கட்டாயம் விளையாடுவான் எண்டு எங்கட அணிக்குத்தான் இருபது டொலர் கட்டினனான். போச்சு!” நான் இடியப்பப் பார்சலை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். இந்த மனிதரையா ஒரு கிழமை முழுக்கப் பெரிய சூதாடி என்று பயந்தேன்!

அந்த விதிகளை நான் எங்களைக் கட்டிப்போடும் கயிறாகத்தான் பார்த்திருந்தேன். வாட்ஸ்அப் தீர்ப்பளித்த பிள்ளையை, மணியும் நிமிடமும் பார்த்து மீட்டெடுத்தது அதே விதிகள்தாம். றூல்ஸ் அக்கா இப்போது வேறொரு விளையாட்டுச் சங்கத்தில் இருக்கிறார். எங்களுக்கு இப்போது ஓர் இளைஞர் வகுப்பு எடுக்கிறார். பின்வரிசையில் யாராவது சிரித்தால் நான் திரும்பி முறைக்கிறேன்.

றூல்ஸ் அக்கா எங்கள் லீக்கை விட்டுப் போகும் முன் ஒரு முறை அதே கோயில் வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. கவுன்ரர் அன்ரி, “பேர், நட்சத்திரம்?” என்றார். “சாமி பேருக்குச் செய்யுங்கோ,” என்றார் அவர். பெயர் சொல்ல விரும்பாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். எனக்குப் பழைய குணம் போகவில்லை. “என்னக்கா, சாமிக்கு முன்னாலையும் பேர் சொல்லப் பயமோ?” என்று சீண்டினேன்.

அவர் திரும்பி, வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “உங்கட விசாரணை நடந்த கிழமையும் வந்தனான். உங்களுக்கும் அந்தப் பெடியனுக்கும் ஒண்டும் வரக் கூடாது எண்டு சாமி பேரிலை ரெண்டு அர்ச்சனை. பேரைச் சொன்னால் விசாரணை ஆரிலை எண்டு வெளியிலை போயிடுமெல்லோ.”

என் முறை வந்தது. கண் கலங்கியதில் கவுன்ரரும் தெரியவில்லை, அன்ரியும் தெரியவில்லை. “ஆருக்கம்மா?” என்ற குரல் மட்டும் கேட்டது. எனக்கு முன்னால் கார்டிகனைச் சரிசெய்துகொண்டு நடந்துபோனவருக்குத்தான். பெயரைச் சொல்லாமல் செய்தேன்.